அலுமாரிக்குள் கிடந்த அரச இரகசியம்

அரச அலுவலகங்களில் தகவல் கோரிக்கைகளுக்குப் பதில் எழுதும் மேசைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களில் நாலைந்து பேர் தமிழர் என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நான் அந்த மேசையில் இருந்த காலத்தில் தமிழில் அலுப்புச் சொல்லி ஆற ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவரும் மூன்று மாடி மேலே, சட்டப் பிரிவில்.

சட்டத்தை உங்களுக்கு வகுப்பு வைத்துச் சொல்லித் தருவார்கள். கோப்பைத் தேடுவது, பக்கங்களில் மறைக்கவேண்டிய வரிகளுக்குக் கறுப்பு அடிப்பது எல்லாம் இரண்டு மாதத்தில் கைக்கு வந்துவிடும். அவற்றை விடுங்கள். நான் சொல்லப்போவது நான் செய்த ஒரு பிழையை. என் பெயரில், என் கையெழுத்தோடு, மூன்றே நாளில், நல்ல திருப்தியாகச் செய்த பிழை.

நான் சட்டம் படித்தவள் அல்ல. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் பிஸ்கட் பெட்டி ஒட்டினேன். பிறகு கோப்பு அடுக்குவதற்கென்று ஆறு கிழமைக்கு ஓர் அரச அலுவலகத்துக்குப் போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். தகவல் சட்டத்தை ஒனிஹங்கா ரயிலில் போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம் என்று வாசித்துத்தான் பிடித்தேன். அப்படித் தானாகப் படித்த ஆட்களுக்கு ஒரு வருத்தம், ஒரு வியாதி, உண்டு. படித்ததை எங்கேயாவது எடுத்துக் காட்டாவிட்டால் கை துருதுருக்கும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்கிறேன். இந்த நாட்டில் யாரும் ஓர் அரச அலுவலகத்துக்கு எழுதி, இன்ன விஷயம் பற்றி உங்களிடம் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருபது வேலை நாட்களுக்குள் பதில் போகவேண்டும். தரமுடியாது என்றால் சட்டத்தில் உள்ள காரணம் ஒன்றைக் காட்டவேண்டும். அந்தக் காரணங்களுக்குள் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று இருந்தது: அரச முடியோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து. அரசரும் அவருடைய பிரதிநிதியும் அரசாங்கத்தோடு எழுதிக்கொள்வதை இரகசியமாக வைத்திருக்க இடமுண்டு.

அதற்கு நியாயமும் இருக்கிறது. அரசர் ஒரு பக்கம் சார்ந்து கதைக்க முடியாது. அவர் கேட்கிற கேள்வி, படுகிற கவலை எல்லாம் உள்ளே இருக்கவேண்டும். வெளியே நின்று பதில் சொல்வது அமைச்சரும் அலுவலர்களும். அதாவது, அரசர் வாய் திறக்காமல் இருக்கலாம், ஏனென்றால் அவருக்காக வாய் திறக்க நாங்கள் சம்பளம் வாங்குகிறோம். இந்த இரண்டாம் பாதியை வாசிக்க வேண்டிய நேரத்தில் எனக்கு ஸ்டேஷன் வந்துவிட்டது போலும்.

என் மேலாளர், இங்கேயே பிறந்து வளர்ந்த ஒரு வெள்ளைக்காரர், ஒருமுறை சொன்னார்: "உன் மறுப்புக் கடிதத்தை வாசித்தால் மறுத்த மாதிரியே தெரிவதில்லை. சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி இருக்கிறது." நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

நான் அந்த மேசையில் இருந்த ஒரு வருஷம் அரச குடும்பத்திலிருந்து ஒரு விருந்தினர் ஒக்லாந்துக்கு வந்தார். துறைமுகத்துப் பக்கம் கயிறு கட்டி, சனம் இரண்டு பக்கமும் நிற்க, நடுவால் நடந்து வந்தார். அப்படி நடக்கும்போது சனம் எதையாவது நீட்டும். பூ, பொம்மை, பிள்ளைகள் வரைந்த படம், கடிதம். விருந்தினர் வாங்குவார், பின்னால் வருகிற உதவியாளர்கள் பைகளில் போடுவார்கள். விருந்தினர் புறப்பட்ட பிறகு பூவும் பொம்மையும் முதியோர் இல்லங்களுக்குப் போகும். கடிதப் பை, வரவேற்பை ஒழுங்கு செய்த எங்கள் அலுவலகத்துக்கு வரும்.

ஏழு கிழமை கழிந்து என் மேசைக்கு ஒரு கோரிக்கை வந்தது. ஒனிஹங்காவில் இருந்து பரமேஸ்வரி என்ற ஒருவர் எழுதியிருந்தார். கொட்டை எழுத்தில், சின்னச் சின்ன ஆங்கில வசனங்கள். அன்று கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு கடிதம் கொடுத்தேன். அதற்குள் என் தங்கையின் பிறப்புச் சான்றிதழ் இருந்தது. அது என்ன ஆனது? எனக்கு அவசரமாக வேண்டும்.

நான் பார்த்தது 'அரச விருந்தினர்' என்ற சொல்லை மட்டும்தான். மூன்று நாளில் பதில் போனது. அரச குடும்பத்தோடு சம்பந்தப்பட்ட கடிதங்களின் உள்ளடக்கத்தையோ, அவை கையாளப்பட்ட விதத்தையோ வெளியிட முடியாமைக்கு மிகவும் வருந்துகிறோம், உங்கள் அக்கறைக்கு நன்றி. ஒன்றரைப் பக்கம். இருபது நாள் தவணையில் பதினேழு நாளை மிச்சம் பிடித்தேன் என்று அன்றைக்கு எனக்குள் ஒரு பெருமை வேறு.

அதற்கடுத்த கிழமை தொலைபேசி அடித்தது. என் பெயரைக் கேட்டுவிட்டு, அந்தப் பக்கம் ஆங்கிலத்தை விட்டுவிட்டது.

"நீங்கள் தமிழோ? அப்ப நல்லதாப் போச்சு. இந்தக் கடிதம் நீங்கள் எழுதினதோ, தங்கச்சி?"

"ஓம் அக்கா, நான்தான்."

"நல்ல இங்கிலீசாம். என்ர மகள் வாசிச்சுப்போட்டு, 'அம்மா, வெரி பொலைட்' எண்டவள். பொலைட்டாய் என்னடி சொல்லியிருக்கு எண்டு கேட்டன். 'நத்திங்' எண்டவள்."

அவர் தொடர்ந்தார்.

"என்ர தங்கச்சி மலர் தமிழ்நாட்டில அகதி முகாமில இருக்கிறாள். தனிய. அவளை இஞ்ச கூப்பிட வழி ஒண்டு வந்திருக்கு. இப்ப விசாக் கந்தோர்க்காரர், அவள் என்ர கூடப்பிறந்தவள்தான் எண்டதுக்கு பிறப்புச் சான்றிதழின்ர ஒரிஜினல் கேக்கினம். இன்னும் ஒன்பது நாள் இருக்கு. பேந்து ஃபைலை மூடிப்போடுவினம். ஊரில பதிவுக் கந்தோர் எரிஞ்சு அந்தப் புத்தகமே இல்லை. இருந்தது இந்த ஒரு கடதாசிதான்."

"கொப்பி ஒன்றும் எடுத்து வைக்கேல்லையோ அக்கா?"

"கொப்பி என்னட்ட இருக்கு."

"அப்ப ஒரிஜினலை ஏன் குடுத்தனீங்கள்?"

"என்ன கதை கதைக்கிறியள்? ராச குடும்பத்துக்குக் கொப்பியோ குடுக்கிறது?"

எங்கள் சனத்தைத் தவிர வேறு யாரும் இந்தப் பிழையை விடமாட்டார்கள் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் ஒரிஜினலை வைத்துக்கொண்டு கொப்பியைக் கொடுப்பார்கள். எங்களுக்கு அது மரியாதைக் குறைவு. பிறகு அவர் தன் கணக்கையும் சொன்னார்.

"விசாக் கடிதத்தில மேல ஒரு முடி இருக்கு. டாக்ஸ்காரற்ற கடிதத்திலயும் முடி. உங்கட கடிதத்திலயும் இருக்கு, பாருங்கோ. எல்லாரும் முடியின்ர பேரிலதானே எழுதுறியள்? அதுதான், அவளைக் கூப்பிட உதவச் சொல்லி முடிக்காரரிட்டயே நேர குடுத்தனான். அவை சிரிச்சுக்கொண்டு ரெண்டு கையாலயும் வாங்கினவை. நீங்கள் என்னெண்டால் ஒரு கையாலயும் தரமாட்டன் எண்டுறியள்."

தொலைபேசியை வைத்த பிறகு மேலே ஏறி, சட்டப் பிரிவிலிருந்த சரவணனிடம் போனேன். மதுரைக்காரர். என்னைவிடப் பத்து வயது குறைவு. சட்டம் பேசினாலும் சண்டை பிடிக்கிற மாதிரித்தான் பேசுவார். என் மறுப்புக் கடிதத்தை வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அக்கா, முதல்ல, வந்தது ராஜாவே இல்ல. சொந்தக்காரங்க. அந்த விதியை இவ்வளவு தூரம் இழுத்தா கிழிஞ்சிடும்."

"சரி."

"ரெண்டாவது, அந்தம்மா உங்ககிட்ட தகவலா கேட்டாங்க? தன்னோட பேப்பரைத்தானே கேட்டாங்க? ஹோட்டல்ல குடையை விட்டுட்டுப் போனவர் திரும்பி வந்து கேட்டா, குடை சம்பந்தமான விவரங்களை வெளியிட முடியாதுன்னு லெட்டர் குடுப்பீங்களா?"

"மூன்றாவதும் இருக்கோ?"

"ஆமா, இருக்கு. அந்தப் பேப்பர் இப்ப எங்க இருக்கு?"

எனக்குத் தெரியாது. அதுதான் பிழை. சட்டத்தைத் தப்பாக இழுத்தது அதற்குப் பிறகுதான் வரும். இருக்கிறதா, எங்கே இருக்கிறது, யார் தொட்டார்கள் என்று ஒருதரம்கூடப் பார்க்காமல், பார்க்காத ஒன்றைத் தரமுடியாது என்று ஒன்றரைப் பக்கத்துக்கு எழுதியிருந்தேன். 'அரச' என்ற சொல்லைக் கண்டதும் என் கால்கள் கதிரையை விட்டு எழும்பவில்லை.

தேட இரண்டு நாள் போனது. வரவேற்பை ஒழுங்கு செய்த பிரிவு, பையை ஆவணப் பிரிவுக்கு அனுப்பிவிட்டோம் என்றது. ஆவணப் பிரிவு, அது அரச குடும்பத்துக் கடிதம், நாங்கள் திறக்கக்கூடாதென்று திருப்பி அனுப்பிவிட்டோம் என்றது. வெளியே ஒரு பெண்ணுக்குச் சொன்ன அதே காரணத்தை உள்ளே எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். கடைசியில் நாலாம் மாடிக் கூட்ட அறை அலுமாரியில், மிஞ்சிய காகிதக் கொடிகளுக்கும் பிரிக்காத மழைக்கோட்டுகளுக்கும் அடியில் பை கிடந்தது.

சரவணனும் நானும் திறந்தோம். கடிதங்கள் எல்லாம் பிரித்து வாசிக்கப்பட்டு, றப்பர் வளையம் போட்டு அடுக்கியிருந்தன. ஒன்று மட்டும் தனியாக இருந்தது. பரமேஸ்வரி அக்காவின் கடிதம். பிறப்புச் சான்றிதழ் ஒரு கண்ணாடித்தாள் உறைக்குள், மடிப்பெல்லாம் நீவி விடப்பட்டு, நேராக இருந்தது. அதன்மேல், விருந்தினர் பக்கத்திலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு எழுதிய ஒரு சின்னச் சீட்டு. நாலு வரி. மேலே, 'நம்பிக்கையின் பேரில், உங்கள் பார்வைக்கு மட்டும்' என்று குறித்திருந்தது. விருந்தினர் விமானம் ஏறிய நாளின் திகதி.

அந்த நாலு வரியில் என்ன இருந்தது என்று நான் அன்றைக்கும் சொல்லவில்லை, இங்கேயும் எழுதப்போவதில்லை. வாசித்துவிட்டுக் கதிரையைத் தேடி உட்கார்ந்தேன் என்று மட்டும் சொல்கிறேன். சரவணன் ஒரு காகிதக் கொடியை எடுத்துச் சுருட்டிக்கொண்டே நின்றார்.

மேலாளரிடம் போனேன். சீட்டை வாசித்ததும் அவருக்குக் காது சிவந்துவிட்டது.

"இதை யார் யார் பார்த்தது?"

"நாங்கள் இரண்டு பேர். நீங்கள் மூன்றாவது."

"சான்றிதழைத் தபாலில் போட்டுவிடு. கடிதம் ஒன்றும் வேண்டாம். மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும்."

"ஏன் கடிதம் வேண்டாம்?"

"எழுதினால் எங்கே இருந்தது என்று சொல்லவேண்டும். எங்கே என்றால், ஏன் அங்கே என்று கேட்பார்கள். அது யாராவது ஒரு நிருபர் காதுக்குப் போகும். கேள்வி ஒவ்வொன்றாக வந்து இந்தச் சீட்டில்தான் முடியும். சீட்டு நம்பிக்கையின் பேரில் வந்தது. அதைக் காப்பாற்றுவது எங்கள் கடமை. அந்த அம்மாவுக்கும் தேவையானது கிடைத்துவிடும். யாருக்கு நட்டம்?"

அவர் கெட்டவர் இல்லை. பொய்யும் சொல்லவில்லை. தான் முடியைக் காப்பாற்றுவதாகவே நம்பினார். இந்த வேலையில் ஆபத்தான இடம் அதுதான். எங்கள் வெட்கத்தை மறைக்கிற அதே நேரத்தில் பெரிய ஒன்றைக் காப்பாற்றுகிறோம் என்று மனம் சொல்லும். இரண்டும் ஒரே சூட்டில் இருக்கும். கை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

எனக்கும் உடனே தெரியவில்லை. யாருக்கு நட்டம் என்ற அந்தக் கேள்வி நியாயமாகத்தான் பட்டது. ஓம் என்று சொல்லிவிட்டு எழும்பியும்விட்டேன். கதவடியில் போகும்போது பரமேஸ்வரி அக்காவின் குரல் ஞாபகம் வந்தது. ரெண்டு கையாலயும் வாங்கினவை. திரும்பி வந்து, மேசையின் ஒரு பக்கத்தில் சீட்டை வைத்தேன். மறு பக்கத்தில் என் மறுப்புக் கடிதத்தை வைத்தேன்.

"இது அவர்களுடையது," என்றேன். "இதை மூடி வைப்போம். இது எங்களுடையது. ஒன்பது கிழமை அலுமாரியில் கிடந்ததும் எங்களுடையது. இரண்டையும் ஒரே மூடிக்குள் போட்டால் அந்த அம்மா என்ன நினைப்பா? விருந்தினர் சிரித்துக்கொண்டே வாங்கி, அங்கால் போய் எறிந்துவிட்டார் என்று நினைப்பா. விருந்தினர் வந்து, நான் அப்படிச் செய்யவில்லை என்று சொல்வாரா? அவர்களுக்குச் சொல்லும் வழக்கமே இல்லை. சொல்ல முடியாத ஆளின் தலையில் எங்கள் பிழையை வைக்கிறோம்."

மேலாளர் மறுப்புக் கடிதத்தை எடுத்து அடியில் பார்த்தார். "மறுப்பில் கையெழுத்து உன்னுடையது," என்றார். "மன்னிப்புக் கடிதத்திலும் உன் பெயர்தான் வரும். தெரியும்தானே?"

"தெரியும்."

மூன்று வசனம் எழுதினேன். உங்கள் சான்றிதழ் விருந்தினர் புறப்பட்ட நாளிலிருந்து எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தது. தேடாமலே உங்களுக்கு மறுப்பு எழுதினோம், அது பிழை. இந்தத் தாமதத்துக்கு எங்கள் அலுவலகத்துக்கு வெளியே வேறு எவரும் பொறுப்பில்லை. மேலாளர் வாசித்துவிட்டு, 'தவறுதலாக வேறு இடத்தில் வைக்கப்பட்டுவிட்டது' என்று மாற்றலாமே என்றார்.

"யார் வைத்தது?" என்று கேட்டேன்.

"அலுவலகம்."

"அப்படியென்றால் அலுவலகம் என்றே இருக்கட்டும்."

அவர் பேனையை எடுத்தார். வெட்டப்போகிறார் என்று நினைத்தேன். "மேலே கொஞ்சம் இடம் விடு," என்றார். "உன் கையெழுத்துக்கு மேலே என்னுடையது வரவேண்டும்."

விசாத் தவணைக்கு இன்னும் ஐந்து நாள். தபாலை நம்பாமல் நானே கொண்டுபோனேன். பரமேஸ்வரி அக்கா வேலை செய்தது ஈஸ்ட் டாமாக்கியில் சாப்பாடு பொதி செய்கிற ஒரு தொழிற்சாலையில். லீவு கிடைக்காது, மத்தியானம் இருபது நிமிஷம்தான், கார் பார்க்குக்கு வாங்கோ என்றிருந்தார். வெள்ளைக் கோட்டும் தலையில் வலையுமாக ஓடிவந்தார். கையைக் கோட்டில் துடைத்துவிட்டுத்தான் வாங்கினார். முதலில் தங்கையின் பெயர் இருக்கிற இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கடிதத்தை நீட்டி, "இதையும் நீங்களே வாசியுங்கோ. மகளிட்டக் குடுத்தால் பொலைட் எண்டு மட்டும்தான் சொல்லுவாள்," என்றார்.

தமிழில் சொன்னேன்.

"அப்ப உங்கட அலுமாரிக்குள்ளயே கிடந்தது?"

"ஓம் அக்கா."

"முடி வைச்ச அலுமாரியோ?"

"இல்லை. கொடியும் மழைக்கோட்டும் வைக்கிற அலுமாரி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே கோபமும் வந்தது. "இந்த ஒன்பது கிழமையும் நான் அவையை அல்லோ திட்டினனான்! டீவியில காட்டேக்க எழும்பிப் போய் நிப்பாட்டினனான். உங்களைத் திட்டியிருக்க வேணும்."

"இப்ப திட்டுங்கோ."

"நேரமில்லை. இருபது நிமிஷம்தான் தந்தவங்கள்."

திரும்பப் போனவர் நின்றார். கையிலிருந்ததைத் தூக்கிப் பார்த்தார்.

"தங்கச்சி, நான் இதைக் கடித உறைக்குள்ள நாலா மடிச்சு வைச்செல்லோ குடுத்தனான். ஆர் இந்தக் கண்ணாடித்தாளுக்குள்ள போட்டது? நீங்களோ?"

"இல்லை."

"உங்கட கந்தோர்க்காரரோ?"

"இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஃபோர்க்லிஃப்டைப் பார்த்தேன்.

"அப்ப அவை வாசிச்சவையோ?"

"அக்கா, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லேலாது."

"சொல்லேலாதோ, சொல்லமாட்டியளோ?"

"ரெண்டும்தான்."

அவர் கண்ணாடித்தாள் உறையைக் கோட்டுக்குள், நெஞ்சோடு வைத்துப் பொத்தானைப் பூட்டினார். "சரி. நீங்கள் சொல்ல வேண்டாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினார்.

அந்த இரண்டு 'இல்லை'யையும் சொல்லியிருக்கக்கூடாது, அதுவே பாதி சொன்ன மாதிரித்தான் என்று சரவணன் பிறகு சொன்னார். இருக்கலாம். இப்போதும் எனக்கு அதில் முடிவான தீர்ப்பு இல்லை. இதைவிட நன்றாக நீங்கள் செய்யக்கூடும்.

அதற்குப் பிறகும் நான் நிறைய மறுப்பு எழுதினேன், அரச காரணத்தைக் காட்டியும் எழுதினேன். இரகசியம் கூடாது என்று சொல்ல வரவில்லை. அந்தச் சீட்டு இரகசியமாக இருந்ததற்கு நானே சாட்சி. தாங்கள் கவனித்ததை விளம்பரமாக்க விரும்பாத ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு பழக்கம் பிடித்துக்கொண்டேன். மறுப்பு எழுத உட்காருவதற்கு முன், மறுக்கப்போகிற பொருளை எழும்பிப் போய்க் கண்ணால் பார்ப்பேன். பார்த்துவிட்டு, இதை மூடினால் யாருக்கு நிம்மதி என்று கேட்பேன். 'எங்களுக்கு' என்று பதில் வருகிற நாளில் பேனையை வைத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடிப்பேன். பல தடவை அந்தத் தேத்தண்ணி முடிவதற்குள் கடிதம் வேறாகிவிட்டது.

சான்றிதழ் தவணைக்குள் போய்ச் சேர்ந்தது என்று அக்கா ஒரு செய்தி அனுப்பினார். விசா முடிவு எங்கள் அலுவலகத்தின் கையில் இல்லை, அதனால் அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் ஒரு சனிக்கிழமை கிளென்ஃபீல்ட் மோலில் சப்பாத்துக் கடை வாசலில் யாரோ என் தோளைத் தட்டினார்கள். பரமேஸ்வரி அக்கா. அவருக்குப் பக்கத்தில், அவரைப் போலவே நெற்றி, ஆனால் பாதி உடம்புகூட இல்லாத ஒரு பெண், புதுச் சப்பாத்தைக் காலில் போட்டபடியே நின்றார். பழையது கையில் இருந்தது.

"மலர், நான் சொன்னனான் எல்லே," என்றார் அக்கா. "எனக்கு ஒண்டும் சொல்லாத ஆள், இவதான்."

தங்கை பழைய சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு, என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.